தவசி மெதுவாக்கிய ரேஸ் வண்டி

தவசிக்கு ஊரில் பிடித்த மனிதர் என்று ஒருவரும் கிடையாது. கீழக்கரையில் பஸ் வந்து திரும்பும் இடத்துக்கு அடுத்தாற்போல, உப்புக்காற்றில் பாதி துருவாகிவிட்ட தகரக் கொட்டகை ஒன்று. அதுதான் அவனுடைய பட்டறை. சைக்கிளைக் கொண்டுவந்தால் சைக்கிள்காரனுக்கு ஏச்சு. லாரியைக் கொண்டுவந்தால் டிரைவருக்கும், அவனுக்கு லைசென்ஸ் கொடுத்தவருக்கும் சேர்த்து ஏச்சு. "வண்டியில ஒரு கோளாறும் இல்லை. ஓட்டுறவன் மண்டையிலதான் கோளாறு. அதுக்கு என்கிட்ட ஸ்பேனர் கிடையாது" என்று சொல்லிவிட்டுத்தான் கையையே வைப்பான். ஆனால் கை வைத்தால் வேலை சுத்தம். ராமநாதபுரம் தொடங்கி ராமேஸ்வரம் வரை அவனைப் போல ஒரு மெக்கானிக் இல்லை என்பதால் எல்லோரும் ஏச்சையும் வாங்கிக்கொண்டு வண்டியையும் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அவன் பிறந்தது திருப்புல்லாணிக்கு மேற்கே, மழையை நம்பிக் கிடக்கும் ஒரு சிற்றூரில். அய்யாவுக்கு இருந்த நிலத்தில் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை நெல் விளையும். மற்ற இரண்டு வருஷமும் அய்யா வரப்பில் நின்று வானத்தை ஏசுவார். தவசிக்கு அவரிடமிருந்து வந்த சொத்து அந்த வாய் மட்டும்தான். யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது, ஊரில் நின்று வானத்தை ஏசுவதற்குப் பதில் பட்டாளத்தில் போய் மனிதர்களை ஏசலாம் என்று சேர்ந்துவிட்டான். மோட்டார் சைக்கிள் பிட்டர் என்று சொல்லி பர்மா எல்லைக்கு அனுப்பினார்கள். முழங்கால் சேறு, மலைச்சரிவு, விடாத மழை. அந்தப் பாதையில் தபால் பையோடு போகிற சிப்பாய்களின் வண்டியைப் பழுது பார்ப்பது அவன் வேலை. வேகமாகப் போன சிப்பாய்களில் இரண்டு பேரைப் பள்ளத்திலிருந்து அவனே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். ஓடுவதற்கு எந்தக் கழிசடை வண்டியும் ஓடும், சாகாமல் நடக்கிற வண்டிதான் வண்டி என்ற எண்ணம் அங்கேதான் அவனுக்கு ஊறிப்போயிற்று.

நாற்பத்தாறில் திரும்பி வந்தான். முருகேஸ்வரியைக் கட்டினான். மதுரையில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது செத்துப்போன மோட்டார் சைக்கிள் ஒன்றை எடுத்துவந்து பட்டறை மூலையில் போட்டான். தேவைப்படும்போது அதிலிருந்து ஏதாவது கழற்றிக்கொள்வான். பன்னிரண்டு வருஷம் அப்படியே ஓடிற்று.

ஐம்பத்தெட்டில் கொழும்பிலிருந்து சலாஹுதீன் வந்து இறங்கினான். அவனுடைய வாப்பாவுக்கு கொழும்பில் துணிக்கடை. கடையில் உட்காரச் சொல்லி அனுப்பிய பிள்ளை, கடைக்கு எதிர்த்திசையில் இருந்த ரேஸ் மைதானத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். கல்யாணம் பண்ணிவைத்தால் அடங்குவான் என்று உம்மா ஊருக்கு வரவழைத்தாள். அடங்க வந்தவன் கப்பலில் ஒரு வண்டியையும் ஏற்றிக்கொண்டு வந்தான். தனுஷ்கோடியில் இறக்கி, ரயிலில் ராமநாதபுரம் வரை கொண்டுவந்து, அங்கிருந்து கீழக்கரைக்குப் பன்னிரண்டு நிமிஷத்தில் வந்ததாக அவனே சொல்லிக்கொண்டான். வழியில் செத்த கோழிகளை யாரும் எண்ணவில்லை.

இங்கிலாந்தில் செய்த விலாயத்து வண்டி. ஐந்நூறு சிசி, ஒற்றைச் சிலிண்டர். பிறந்தபோது ஒழுங்காகத்தான் பிறந்திருக்கும். கொழும்பில் யாரோ ஒரு ரேஸ் பைத்தியம் அதைப் பிடித்துவைத்துக் கெடுத்திருந்தான். சைலன்ஸரைக் கழற்றி எறிந்துவிட்டு மொட்டைக் குழாயை மாட்டியிருந்தான். கார்புரேட்டர் வாய் ஒரு கைமுட்டி நுழைகிற அகலம். பிஸ்டன் தலை குன்றுபோல் உயரம். பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைச் சிறியதாக மாற்றி, என்ஜினுக்குள் சுழலும் கனச்சக்கரத்தைக் கடைந்து கடைந்து எடையைப் பாதியாக்கியிருந்தான். கைப்பிடி முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் உட்காருகிறவன் எதையோ தரையில் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டு போகிறவன் மாதிரி இருப்பான்.

எழுபது மைல் வேகத்தில் அது பாடும். இருபத்தைந்துக்குக் கீழே வந்தால் இருமும், துள்ளும், உதைக்கும், செத்துப்போகும். கீழக்கரைத் தெருக்களோ எதிரே ஒரு ஆள் வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டிய தெருக்கள். இரண்டு பக்கமும் உயரமான மதில், முப்பது அடிக்கு ஒரு முடக்கு. இந்த ஊருக்கு இப்படியொரு வண்டியைக் கப்பலேற்றிக் கொண்டுவரும் புத்தி எவ்வளவு பெரிய புத்தி என்று தவசி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒருநாள் காலை, குடிதண்ணீர் ஏற்றிக்கொண்டு வந்த மாட்டு வண்டி ஒரு முடக்கில் திரும்பிக்கொண்டிருந்தது. சலாஹுதீன் எதிரே வந்தான். மாடு மிரண்டு, வண்டி கவிழ்ந்து, பீப்பாய் உருண்டு வண்டிக்காரர் காலில் ஏறிற்று. கால் முறிந்த மனிதர் தெருவில் கிடந்து அலற, சலாஹுதீன் வண்டியை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் என்ஜின் நின்றுவிடும், மறுபடி கிளப்புவது கஷ்டம் என்று அப்படியே முறுக்கிக்கொண்டு போய்விட்டான். இதை அவன் தன் கூட்டாளிகளிடம் ஒரு நியாயமாகவே சொன்னான்.

அந்தத் தெருவில்தான் வாவு முகம்மது வீடு. சங்கு வியாபாரி. கல்கத்தாவுக்குச் சங்கு அனுப்புகிறவர். சலாஹுதீனின் தாய்மாமன். அவருடைய ஒரே மகள் குல்சும். குல்சும் பிறந்த அன்றே சலாஹுதீனுக்கு என்று பேசிவைத்திருந்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழவேண்டும். கவிழ்ந்த வண்டியை மாடியிலிருந்து பார்த்த வாவு முகம்மதுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. அக்காவுக்குக் கொடுத்த வாக்கை மீறவும் முடியாது, இப்படிப்பட்டவனை வீட்டுக்குள் கூட்டிவரவும் மனசு வராது. இரண்டு நாள் யோசித்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

"என் மருமகன் வேகமாப் போறதை ஊரே பார்த்துருச்சு. நிதானமா வர்றதை நான் ஒரு தடவை பார்க்கணும்" என்றார். "மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கார் வேண்டாம். அந்த வண்டியிலதான் வரணும். பள்ளிவாசல்ல இருந்து என் வாசல் வரைக்கும், பைத்துப் பாட்டு பாடிக்கிட்டு முன்னால நடக்குறவங்களுக்குப் பின்னாடி, அவங்க நடைக்கு வரணும். வழியில ஒரு தடவை உறுமுனாலும் சரி, என் வீட்டுக் கதவு திறக்காது. நிக்காஹும் கிடையாது."

அக்கா அழுதாள். வாவு முகம்மது அசையவில்லை. சலாஹுதீன் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். அன்றைக்கே தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்க்கப் போய், முப்பது கஜத்துக்குள் வண்டி நாலு தடவை செத்து, ஐந்தாவது தடவை துள்ளி ஒரு மதிலில் மோதிற்று. அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. மூன்று கூட்டாளிகள் தள்ள, வண்டி தவசியின் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

"ஏப்பா தவசி, இதை மெதுவா ஓட வைக்க முடியுமா?"

"அதுக்கென்ன தம்பி, தாராளமா. இறங்கி உருட்டிக்கிட்டுப் போங்க."

கூட்டாளிகள் சிரித்தார்கள். சலாஹுதீன் முகம் சிவந்தது. "கொழும்புல இந்த வண்டியைப் பார்க்கக் கூட்டம் கூடும், தெரியுமா?"

"இங்கனயும்தான் கூடுச்சு. தண்ணி வண்டிக்காரர் காலைப் பார்க்க."

சொல்லிவிட்டாலும் தவசியின் கண் வண்டியை விட்டு நகரவில்லை. கைமுட்டி நுழைகிற அந்தக் கார்புரேட்டர் வாயில் விரலை விட்டுப் பார்த்தான். பல்சக்கரத்தின் பற்களை எண்ணினான். ஒரு நல்ல உயிரை எந்தப் பாவியோ இப்படி ஆக்கிவைத்திருக்கிறானே என்று முணுமுணுத்தான். கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. "விட்டுட்டுப் போங்க. நடக்க வச்சுக் காட்டுறேன்" என்றான்.

முதலில் கார்புரேட்டர். வாய் அவ்வளவு அகலமாக இருந்தால், என்ஜின் மெல்லச் சுற்றும்போது உள்ளே இழுக்கிற காற்றுக்கு வேகம் இருக்காது, பெட்ரோலைத் தூக்கிக்கொண்டு வராது. அதனால்தான் இருமல். மூலையில் கிடந்த பட்டாளத்து வண்டியிலிருந்து சின்னக் கார்புரேட்டரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்து, பெட்ரோலை அளந்துவிடும் ஊசியை ஒரு வெட்டு உயர்த்தி மாட்டினான். பிறகு சிலிண்டருக்கு அடியில் ஒரு அலுமினியத் தகடு வெட்டி வைத்தான். சிலிண்டர் அந்தத் தகட்டுக் கனத்துக்கு உயர்ந்தது, பிஸ்டன் கொடுக்கிற நெருக்கம் குறைந்தது, உதை அடங்கிற்று. பின்சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் ஒன்றை ராமநாதபுரத்து லேத்துக்காரரிடம் வெட்டி வாங்கினான். அவருக்கும் ஏச்சு விழுந்தது, ஒரு பல் கோணலாக இருந்ததாம். கடைந்து எறிந்த எடைக்குப் பதிலாக என்ஜின் தண்டில் ஒரு இரும்பு வளையத்தைப் பூட்டினான். தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பிந்தவைத்தான். கிளட்சுத் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்த்தான். மொட்டைக் குழாய்க்கு ஒரு சைலன்ஸரும் மாட்டினான்.

ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி, திருப்புல்லாணிச் சாலையில் கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்பான். பனையோலை ஏற்றிய மாட்டு வண்டி ஏதாவது கிடைத்தால் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொள்வான். முதல் நாள் நூறு கஜம் போனது. நாலாம் நாள் கால் மைல். பன்னிரண்டாம் நாள், மாடு நடந்த நடைக்கு இரண்டு மைல், கிளட்சைத் தொடாமல் வந்தான். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. ஓலை வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "என்னண்ணே, என் மாடே தேவலாம் போல. உங்க வண்டி அதைவிடச் சோம்பேறியா இருக்கே" என்றார்.

வாழ்க்கையில் தவசி கேட்ட புகழ்ச்சிகளில் அதுதான் பெரியது. வீட்டுக்கு வந்து முருகேஸ்வரியிடம் மூன்று தடவை சொன்னான்.

அவள் கஞ்சிச் சட்டியை வைத்துவிட்டுக் கேட்டாள். "வண்டியை அடக்கிட்டீக. அந்தப் பயலை யாரு அடக்குறது?"

நல்ல கேள்வி. வேறு யாராவது இருந்தால் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுபோய் வாவு முகம்மதிடம் கொடுத்திருப்பார்கள். தவசி மெக்கானிக். அவனுக்கு எந்தக் கேள்வியும் வேலையாகத்தான் காதில் விழும். சலாஹுதீனை மூன்று தடவை ஓட்டிப் பழகக் கூப்பிட்டு அனுப்பியிருந்தான். "மெதுவா ஓட்டுறதுக்கு ஒரு பழக்கமா? மாடு மேய்க்கிறவனுக்கு வேணும்னா அது வித்தை" என்று பதில் வந்தது. இப்படிப்பட்டவன் கையை நம்பித் தன் இத்தனை நாள் வேலையைத் தெருவில் விட முடியுமா? முடியாது. மறுநாள் காலை ஒரு பித்தளைக் குழாய்த் துண்டை அறுத்து, கார்புரேட்டருக்கு மேலே ஸ்பிரிங்குக்குள் கம்பியில் கோத்துவிட்டான். இனி ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் உள்ளே இருக்கும் அடைப்பு ஒரு நூல் அளவுக்கு மேல் உயராது. வண்டி மனுஷ நடைக்கு மேல் போகாது. யார் உட்கார்ந்தாலும் போகாது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நினைத்து நினைத்துத் தானே சிரித்துக்கொண்டான்.

கல்யாண நாள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் கூட்டம் கூடிற்று. பைத்து பாடுகிறவர்கள் எட்டுப் பேர், எல்லோரும் வயசாளிகள், கையில் தப்ஸ் கொட்டுகளோடு முன்னால் நின்றார்கள். பின்னால் சலாஹுதீன், நீள அங்கியும் துருக்கித் தொப்பியும் மல்லிகைச் சரமுமாக வண்டியில் ஏறினான். எண்ணெய்க் கறை படிந்த ஒரே காக்கிச் சட்டை தவசியுடையது. வண்டிக்குப் பக்கத்தில் நடப்பதற்காக வந்திருந்தான். அடித்த கொட்டுக்கும் என்ஜின் அடித்த அடிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் ஊர்வலம் கிளம்பிற்று. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம். மாப்பிள்ளை விழுவான் என்றுதான் பாதி ஊர் வந்திருந்தது.

முதல் முடக்குத் திரும்பியதும் கொட்டு நின்றது. பாடியவர்களும் நின்றார்கள். ஒரு வீட்டு வாசலில் தட்டில் சர்பத் வைத்துக்கொண்டு நான்கைந்து பேர் காத்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். ஊர்வலம் போகிற வழியில் சொந்தக்கார வீடு ஒவ்வொன்றும் மாப்பிள்ளையை நிறுத்தி சர்பத் கொடுக்கும். பெண் வீட்டு வாசலை அடைகிறவரை மாப்பிள்ளை கால் மண்ணில் படக்கூடாது என்பதும் அந்தக் குடும்பத்தில் வழக்கம். சலாஹுதீனின் வாப்பா குதிரையில் போனார், குதிரை நின்றது. அண்ணன் காரில் போனான், கார் நின்றது. இரண்டு சக்கர வண்டி நின்றால் காலை ஊன்றித்தான் ஆகவேண்டும் என்று இத்தனை மரைக்காயர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கப்பலின் சாய்மானத்தை விரல் நுனியில் கணக்குப் போடுகிற வம்சம். தவசிக்கோ இந்த சர்பத் வழக்கமே தெரியாது. வண்டி சாயத் தொடங்கிற்று. கூட்டத்தில் பெண் குரல் ஒன்று "கால்! கால்!" என்று கத்திற்று. தவசி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து ஹாண்டிலில் ஒரு கையும் பின்சீட்டில் ஒரு கையும் கொடுத்து, வண்டியையும் மாப்பிள்ளையையும் சேர்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான்.

இருபது நாள் வேலை, இரும்பு வளையம், அலுமினியத் தகடு எல்லாம் போய், கடைசியில் அவனே முட்டுக்கட்டையாக நின்றான். வழியில் ஏழு வீடுகள். ஏழு சர்பத். மாப்பிள்ளை அவசரமாகக் குடிக்கவும் கூடாது, மரியாதையில்லை. மூன்றாவது வீட்டில் தவசியின் சட்டை பிழிகிற மாதிரி நனைந்துவிட்டது. நாலாவது வீட்டில் ஒரு கிழவி மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்து, "ஏம்பா, மாப்பிள்ளைக்குக் கால் சொகமில்லையா? ஒருத்தரும் சொல்லலியே" என்றாள். மாடிகளில் நின்ற பெண் வீட்டு இளவட்டங்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். "மாப்பிள்ளைக்கு நடைவண்டி!" என்று ஒருவன் கத்த, மற்றவர்கள் அதையே பாட்டாக்கினார்கள். தவசிக்கு உள்ளுக்குள் பரம சந்தோஷம். சலாஹுதீனின் காது நுனிவரை ரத்தம் ஏறியிருந்தது.

ஏழாவது வீடு தாண்டியதும் தெரு நேராக நீண்டது. கோடியில் வாவு முகம்மது தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எண்பது கஜம் இருக்கும். பாடுகிற எட்டுப் பேரும் வண்டிக்கு முன்னால் ஆறடியில், முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார்கள். மாடியிலிருந்து "நடைவண்டி" மறுபடியும் கேட்டது. சலாஹுதீன் பல்லைக் கடித்தான். வலது மணிக்கட்டு அடியோடு திரும்பியதைத் தவசி பக்கத்திலிருந்து பார்த்தான்.

வண்டி அதே நடையில் போயிற்று. டக். டக். டக். சலாஹுதீன் மறுபடி முறுக்கினான். பிடி அதற்கு மேல் அசையாமல் நின்றது. இரண்டு தடவை, மூன்று தடவை, கைப்பிடி ரப்பர் கழன்றுவரும்படி முறுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை.

"என்னடா பண்ணி வச்சிருக்கே?" என்று உதடு அசையாமல் கேட்டான்.

"நேரா பாருங்க தம்பி. மாமா நிக்கிறாரு" என்றான் தவசி.

சொல்லிவிட்டு, முன்னால் போகிற எட்டு முதுகுகளைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குச் சுரீரென்றது. இவன் முறுக்கியது இந்த முதுகுகள் மேல் ஏற்றுவதற்கு. பித்தளைத் துண்டு மட்டும் இல்லையென்றால் இந்நேரம் தெருவில் எத்தனை பேர் கிடப்பார்கள்? சந்தோஷமெல்லாம் வற்றிப்போய்விட்டது.

வாசலில் வண்டி நின்றது. தவசி பிடித்துக்கொள்ள, மாப்பிள்ளை நேராகப் படிக்கட்டில் கால் வைத்து இறங்கினான். வாவு முகம்மது அவனைக் கட்டி அணைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பிறகு எல்லோரும் பார்க்கத் தவசியின் எண்ணெய்க் கையைப் பிடித்து அதில் அத்தர் தடவினார்.

"நான் நினைச்சது தப்பு தவசி. இம்புட்டு நேரம், இத்தனை பேர் கேலிக்கும் நடுவுல, கையை அடக்கி வச்சிருந்தான் பார்த்தியா? இனி என் மகளைக் கொடுக்க எனக்குப் பயமில்லை."

தவசிக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கலெக்டராக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற நாக்கு அது. வாவு முகம்மது வண்டியைச் சோதிக்கவில்லை, ஆளைத்தான் சோதித்தார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்தச் சோதனையில் ஆள் தோற்றான். அவனுக்குப் பதிலாக ஒரு பித்தளைத் துண்டு ஜெயித்திருக்கிறது.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்ததும் மணப்பெண்ணின் சம்மதம் கேட்க சாட்சிகள் இரண்டு பேர் உள்ளே போனார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் ஒரு வார்த்தை போதும். செருப்புகள் குவிந்து கிடந்த வாசல் ஓரத்தில் தவசி நின்றுகொண்டிருந்தான். சொன்னால் என்ன ஆகும்? கல்யாணம் நிற்கும். தவசி ஊரை ஏமாற்றினான் என்பார்கள். அவன் வேலையை ஒருவரும் பேசமாட்டார்கள், திருட்டுத்தனத்தைத்தான் பேசுவார்கள். பன்னிரண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் இந்த ஊர் அவன் கைக்கு அத்தர் தடவியிருக்கிறது. இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே நின்றான். சாட்சிகள் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்கள். நெய்ச்சோறு போட்டார்கள். தவசிக்கு இரண்டாவது கவளம் இறங்கவில்லை. ஊரில் இத்தனை பேரை ஏசியிருக்கிறான், அவர்களில் ஒருவனும் தன் அளவுக்குக் கேடுகெட்டவன் இல்லை என்று தோன்றிற்று.

மறுநாள் காலை சலாஹுதீன் பட்டறைக்கு வந்தான். "கழட்டு" என்றான். அவ்வளவுதான். தவசி கழற்றினான். பித்தளைத் துண்டு வெளியே வந்ததும் சலாஹுதீன் அதை வாங்கிப் பார்த்தான்.

"கெட்டிக்காரன்தான்பா நீ. மாமா கண்ணுல நல்லாவே மண்ணைத் தூவிட்டே" என்று தோளில் தட்டினான்.

தவசி ஸ்பேனரை எடுத்தான். பழைய கார்புரேட்டர், சின்னப் பல்சக்கரம், மொட்டைக் குழாய் எல்லாவற்றையும் மறுபடி மாட்டிக்கொடுத்தான். அரை நாள் வேலை. வண்டி உறுமிக்கொண்டு போயிற்று. அந்த வாரத்திலிருந்து பட்டறையில் ஏச்சுச் சத்தம் குறைந்துவிட்டதை லாரி டிரைவர்களே கவனித்தார்கள்.

ஐந்து மாதம் போயிற்று. வாவு முகம்மது சங்கு வியாபாரமாகக் கல்கத்தாவுக்குப் போயிருந்த நேரம். ஒருநாள் முற்பகலில் அவர் வீட்டு வேலைக்காரி பட்டறைக்கு வந்தாள். தையல் மிஷின் ஒன்று உடைந்திருக்கிறது, வந்து பார்க்கவேண்டுமாம். போனான். கூடத்தின் நடுவே திரை கட்டியிருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு பாயின் மேல் கைமிஷின் கிடந்தது.

"ஓட வைக்க முடியுமாண்ணே?" என்று திரைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. குல்சும்தான்.

மிஷினைத் திருப்பிப் பார்த்தான். சக்கரம் இரண்டாகப் பிளந்திருந்தது. ஊசித்தண்டு வளைந்திருந்தது. "எப்படித் தாயி உடைஞ்சது?"

"கை தவறி விழுந்துருச்சு."

தவசி நிமிர்ந்தான். எதிர்ச் சுவரில், நெஞ்சு உயரத்தில், சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு பள்ளம். பள்ளத்தில் மிஷினின் கறுப்புச் சாயம் ஒட்டியிருந்தது. கை தவறி விழுகிற மிஷின் நெஞ்சு உயரத்துக்கு ஏறிப்போய்ச் சுவரில் மோதாது. வேலைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சக்கரம் வேற வாங்கணும். பட்டறைக்குக் கொண்டுபோறேன்" என்று மிஷினைத் தூக்கினான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளு தாயி."

"அன்னைக்கு ஊர்வலத்துல அவுக மெதுவா வந்தாகளா, இல்லை வண்டி மெதுவா வந்துச்சா?"

தவசி மிஷினைக் கீழே வைத்தான்.

"வண்டிதான் தாயி."

திரை அசையவில்லை. "சாட்சிக்காரவுக உள்ள வந்தப்ப நான் கேட்டேன், மெதுவாத்தான் வந்தாகளான்னு. ஆமாம்னு சொன்னாக. அதுக்கு அப்புறம்தான் சம்மதம்னேன். அப்ப நீங்க எங்க இருந்தீக?"

"வாசல்லதான் இருந்தேன்" என்றான் தவசி.

குனிந்து, உடைந்த மிஷினை மறுபடி தூக்கிக்கொண்டான்.